என் தோழியிடம் பேசுவதுபோல

பத்தொன்பது வருடமாக என் வேலை குறை கண்டுபிடிப்பது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நான் செக்கர். தைத்து முடித்த மேல்பாகம் என் மேசைக்கு வரும். அதை நாங்கள் அப்பர் என்போம். தையல் விலகியிருக்கிறதா, தோலில் கீறல் இருக்கிறதா, இடதுகாலும் வலதுகாலும் ஒரே நிறமா என்று பார்க்க வேண்டும். குறை இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி போட்ட சின்ன ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். சரியாக இருந்தால் உள்பக்கம் என் நம்பர் உள்ள சீலைக் குத்தி அடுத்த பக்கம் தள்ள வேண்டும். இதையே செய்து செய்து, கல்யாண வீட்டுக்குப் போனாலும் எனக்கு மணப்பெண் கண்ணில் படுவதில்லை. பந்தியில் கிழிந்த இலைதான் படும். என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

"வீட்டுக்கு அந்த ஸ்டிக்கர எடுத்தாந்தா என் மூஞ்சியிலயும் ஒட்டிடுவ."

"எடம் பத்தாது" என்பேன்.

இப்படிப்பட்டவளைப் போன மார்கழியில் கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள்.

அப்போது கம்பெனியில் ஆர்டர் குறைந்துபோயிருந்தது. அமெரிக்காக்காரன் வரியை ஏற்றிவிட்டான் என்று டீக்கடையில்கூடப் பேச்சு. ஓவர்டைம் நின்றுவிட்டது. இரண்டு லைனை ஒன்றாக்கப் போகிறார்கள், யார் யாரை அனுப்பப் போகிறார்களோ என்று பாத்ரூம் வாசலில் கூடிக் கூடிப் பேசினோம். கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் விடுமுறை என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். வழக்கமாக இரண்டு நாள்தான். பத்து நாள் என்றால் வேலை இல்லை என்று அர்த்தம். அதே நோட்டீசின் கீழே இன்னொரு நோட்டீஸ். விடுமுறைக் காலத்தில் தொழிலாளர்களின் மனநலத்துக்காகத் தியானப் பயிற்சி, அனைவரும் கலந்துகொள்ள வேண்டும். எங்கள் ஷூவை வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள், பையர் என்போம், இதையெல்லாம் கேட்கிறார்களாம். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்கள், அதை நோட்டீஸ் போர்டில் அப்போதுதான் பார்த்தேன்.

சொல்லிக்கொடுக்க வந்தது பெங்களூரிலிருந்து ஒரு பெண். முப்பது வயதுக்குள் இருக்கும். நாங்கள் எல்லாரும் அவளை டீச்சர் என்று கூப்பிட்டோம். நல்ல பெண். அவளிடம் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. சொல்லியே ஆக வேண்டும் என்றால் புடவைக் கொசுவத்தில் ஒரு மடிப்பு ஜாஸ்தி.

கேன்டீனில் சாப்பாடு முடிந்ததும் மேசைகளை ஓரம் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார வைத்தார்கள். நூற்றுக்கு மேல் பெண்கள். "மூச்சை ஆழமா இழுங்க" என்றாள் டீச்சர். இழுத்தேன். சாம்பாரும், என் மேல்கோட்டில் ஊறிப்போன பசையின் வாடையும் உள்ளே போனது. ஒருத்திக்குச் சிரிப்பு வந்து பத்துப் பேருக்குத் தொற்றியது. ஒருத்தி குறட்டை விட்டாள். டீச்சர் கோபித்துக்கொள்ளவில்லை. உடம்பு ஓய்வு கேட்கிறது, கொடுங்கள் என்றாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

அப்புறம் எல்லாரையும் நெஞ்சில் கை வைக்கச் சொன்னாள்.

"உங்களுக்கு ரொம்ப நெருக்கமான தோழி ஒருத்திய நெனச்சிக்கங்க. அவங்க ஒரு தப்பு பண்ணிட்டு உங்ககிட்ட வந்து அழறாங்க. திட்டுவீங்களா? மாட்டீங்க. ஆறுதலாத்தான் பேசுவீங்க. அதே மாதிரி இப்ப உங்ககிட்ட நீங்களே பேசுங்க."

என்னைச் சுற்றி ஒவ்வொருத்தியாக அழ ஆரம்பித்தார்கள். தங்களிடம் யாரும் ஆறுதலாகப் பேசி எத்தனை வருடமாயிற்றோ. நான் கண்ணைத் திறந்துவிட்டேன். என் நெருக்கமான தோழியிடம் நான் எப்படி நடந்துகொண்டேன் என்பது எனக்குத் தெரியும். அதே மாதிரி என்னிடம் நடந்துகொள்வதென்றால் நான் என்னையே தெருவில் தள்ள வேண்டும்.

அந்தத் தோழி என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என் ஊருக்கு அடுத்த ஊர். அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து வரும் கம்பெனி பஸ்ஸில் நான் ஏறிய அடுத்த ஸ்டாப்பில் அவள் ஏறுவாள். பதினொரு வருடம் ஒரே மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து குறை பார்த்தோம். அவள் வீட்டுக்காரர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனவர். வீட்டில் வேலைக்குப் போகிற ஆள் அவள் ஒருத்திதான். அவள் கொண்டுவரும் கத்தரிக்காய்க் குழம்பை நானும் என் கீரையை அவளும் சாப்பிடுவோம். என் பெண் பெரியவளானபோது என் கூடவே நின்று எல்லா வேலையும் பார்த்தவள். இதற்கு மேல் நெருக்கம் என்றால் எனக்குத் தெரியாது.

ஐப்பசியில் ஒரு நாள் அவள் தலைவலி என்று மாத்திரை வாங்க ஃபர்ஸ்ட் எய்டு அறைக்குப் போயிருந்தாள். ஏற்றுமதிக்கு அவசரம் என்று சூப்பர்வைசர் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார். தள்ளுவண்டி சக்கரம் மாட்டிக் கவிழ்ந்து, பழுப்பு நிற அப்பர் கட்டு இரண்டு தரையில் கலந்துவிட்டது. ஒரு ஜோடியின் இரண்டு காலையும் ஒரே தோலில் பக்கத்துப் பக்கத்தில் வெட்டுவார்கள். அப்போதுதான் நிறம் ஒத்துப்போகும். ஜோடி பிரிந்துவிட்டால் கண்ணால் சேர்க்கக் கூடாது. கூடத்தின் கடைசியில் பகல் வெளிச்சம் மாதிரி விளக்கு எரியும் பெட்டி ஒன்று இருக்கிறது. அதில் வைத்து ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். அரை மணி நேர வேலை. எனக்குத் தெரியாததா, பத்தொன்பது வருடம் பார்த்த கண்ணாயிற்றே என்ற திமிர். ட்யூப்லைட்டிலேயே ஜோடி சேர்த்தேன். என் சீலில் மை காய்ந்திருந்தது. எதிரில் அவள் சீல் இருந்தது, எடுத்துக் குத்திவிட்டேன். அவள் சீலை நானும் என் சீலை அவளும் எடுப்பது எங்களுக்குள் குழம்பு மாற்றிக்கொள்கிற மாதிரிதான். யாரும் அதைத் தப்பென்று நினைத்ததில்லை.

ஒரு வாரம் கழித்து, வாங்குகிறவர்களின் ஆள் வந்து பெட்டியைப் பிரித்து ஜன்னல் வெயிலில் வைத்தார். ஒரு கால் வேர்க்கடலைத் தோல் நிறம், ஒரு கால் செம்மண் நிறம். இப்படி ஆறு ஜோடி. அந்த ஆர்டர் சரக்கு முழுவதையும் நிறுத்திவிட்டார்கள். உள்ளே குத்தியிருந்த நம்பரைப் பார்த்து அவளைக் கூப்பிட்டார்கள். ஒரே மேசை என்பதால் என்னையும் கூப்பிட்டார்கள்.

ஹெச்.ஆர். மேனேஜர் ஷூவை அவள் கையில் கொடுத்தார்.

"சீல் யாருது?"

"என்னுதுதான் சார். ஆனா இத நான் பாக்கல சார்."

"சீல் உங்களுது, பாத்தது மட்டும் வேற யாரோவா? சீலுக்கு நீங்கதான பொறுப்பு?"

அவள் அந்த ஷூவை ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன் என்று எழுதித் தரச் சொன்னார்கள். அவளிடம் பேனா இல்லை. என் கோட்டுப் பையிலிருந்து நான்தான் எடுத்துக் கொடுத்தேன். எழுதி முடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

ஏன் வாயைத் திறக்கவில்லை என்று யாராவது கேட்டால் பெண் படிப்பு, வீட்டு நிலைமை என்று நிறையச் சொல்லலாம். பயம், அவ்வளவுதான். ஆளைக் குறைக்கப் பார்க்கிறவர்கள் கையில் என் கழுத்தை நானே கொடுப்பதா என்று பயந்தேன். கொடுத்தது அவள் கழுத்தை. அப்புறம் தினமும் பஸ் அவள் ஸ்டாப்பில் நிற்காமல் போனது. நான் இடது பக்க சீட்டை விட்டு வலது பக்கம் மாறிக்கொண்டேன்.

டீச்சர் இரண்டாம் முறை வந்தபோது ஆளுக்கொரு சின்ன நோட்டு கொடுத்தாள். விடுமுறையில் தினமும் காலையில் பத்து நிமிடம் கண்ணை மூடி உட்கார வேண்டும். அதற்கு அவள் குரலைப் பதிவு செய்து எல்லாருக்கும் போனில் அனுப்பியிருந்தாள். முடிந்ததும் நன்றி சொல்லத் தோன்றுகிற மூன்று விஷயங்களை நோட்டில் எழுத வேண்டும். பெரிதாக இருக்க வேண்டாம், ஒரு டம்ளர் காப்பிகூடப் போதும் என்றாள். "உங்ககிட்ட நீங்க கருணையா இல்லேன்னா அடுத்தவங்ககிட்ட எப்படி இருப்பீங்க?" என்று கேட்டாள். எனக்கு அது தலைகீழாகப் பட்டது. அடுத்தவளிடம் இல்லாத கருணையை என்னிடம் மட்டும் எப்படி வைத்துக்கொள்வது? கேட்கவில்லை. வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் திறக்காதவள், இங்கே என்ன பேச்சு வேண்டியிருக்கிறது.

விடுமுறையில் நான் தவறாமல் செய்தேன். விளையாட்டில்லை, மனப்பூர்வமாகவே செய்தேன். எப்படியாவது இந்தக் கனம் இறங்கினால் போதும் என்றிருந்தது. விடிகாலையில் மொட்டை மாடியில் பாயைப் போட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்காருவேன். பனி தலைமேல் இறங்கும். பெருமாள் கோவில் ஸ்பீக்கர் ஒரு பக்கம், கீழ்த்தெருவில் ஸ்டார் கட்டிய வீட்டில் கிறிஸ்துமஸ் பாட்டு ஒரு பக்கம், நடுவில் காதில் டீச்சர். மூச்சு உள்ளே, மூச்சு வெளியே. மனசு ஓடினால் திட்டாமல் திருப்பிக் கூட்டி வாருங்கள் என்பாள். என் மனசு ரொம்ப தூரமெல்லாம் ஓடுகிறதில்லை. அடுத்த ஊருக்குத்தான் ஓடும்.

முதல் நாள் நோட்டில் எழுதினேன். கை கால் நன்றாக இருக்கிறது. மழை விட்டது. வேலை இருக்கிறது. மூன்றாவதை எழுதியதும் அடித்தேன். இருக்கிற வேலை யாருடையது? இரண்டாம் நாள், பெண் ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்திருக்கிறாள் என்று எழுதினேன். அவள் ஹாஸ்டலில் இருப்பது என் சம்பளத்தில். அதையும் அடித்தேன். மூன்றாம் நாள் காப்பி என்று எழுதினேன். டீச்சரே சொன்னதுதான். அக்கா காப்பியில் சர்க்கரை கம்மியாகப் போடுவாள், பஸ்ஸில் ஃப்ளாஸ்க் மூடியில் ஊற்றிக் கொடுப்பாள். இப்படி எந்த நன்றியைத் தொட்டாலும் அதன் அடியில் அவள் இருந்தாள். நான்காம் நாள் பார்த்தால், நோட்டில் அடித்த கோடுகள்தான் இருந்தன. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பதைச் சின்ன வயசில் மனப்பாடம் செய்தபோது, குறுகுறுப்பு என்றால் ஏதோ கூச்சம் மாதிரி என்று நினைத்திருந்தேன். அது நெஞ்சுக்குள் எலி பிராண்டுகிற மாதிரி இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

பதிவின் கடைசியில் ஒரு வாக்கியம் வரும். அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். என்னை நான் மன்னிக்கிறேன். ஒரு நாள் சத்தமாகவே சொல்லிப் பார்த்தேன். கீழேயிருந்து என் வீட்டுக்காரர், "யாருகிட்ட பேசற?" என்றார்.

"யாருகிட்டயும் இல்ல."

"மன்னிச்சேன்னு காதுல வுழுந்துச்சே. என்னையா?"

"உன்ன மன்னிக்க இன்னும் நாளாவும்" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவரிடமும் நான் எதையும் சொல்லியிருக்கவில்லை. திருடன் தனக்குத் தானே ஜாமீன் கொடுத்துக்கொள்கிற மாதிரி இருந்தது அந்த வாக்கியம்.

ஒரே ஒரு நாள் நடந்தது. இங்கிலீஷ் வருஷப் பிறப்புக்கு அடுத்த நாள். மூச்சைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது சத்தமெல்லாம் தூரமாகப் போய்விட்டது. நெஞ்சு லேசானது. பனி நன்றாக இருந்தது, உட்கார்ந்திருப்பது நன்றாக இருந்தது, உயிரோடு இருப்பதே போதும் என்றிருந்தது. இதைத்தான் டீச்சர் சொன்னாள் போலிருக்கிறது என்று சந்தோஷமாகக் கண்ணைத் திறந்தேன். அப்புறம்தான் உறைத்தது. அந்தப் பத்து நிமிடம் நான் அக்காவை மறந்திருந்தேன். எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் என்னைவிட்டால் வேறு சாட்சி இல்லை. நானும் மறந்துவிட்டால் அவள்தான் குற்றவாளி என்று ஆகிவிடும். அன்றோடு மாடிக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

விடுமுறை முடிந்து கம்பெனி திறந்தது. பொங்கலுக்கு மூன்று நாள் முன்னால் டீச்சர் கடைசியாக வந்தாள். போகி வருகிறதல்லவா, மனசில் கிடக்கும் பழைய குப்பையைக் கொளுத்தப் போகிறோம் என்றாள். உங்களை நீங்கள் மன்னிக்க முடியாத ஒன்றை ஒரு தாளில் எழுதி மடித்துப் போடுங்கள், யாரும் படிக்க மாட்டார்கள் என்றாள். பசையும் ரசாயனமும் இருக்கிற இடத்தில் தீக்குச்சி உரசக்கூட அனுமதி கிடையாது. அதனால் ஒரு அட்டைப்பெட்டியில் எல்லாரும் போட வேண்டும், வெளியே எடுத்துப் போய்க் கொளுத்துவார்கள் என்று ஏற்பாடு.

நான் எழுதினேன். முதலில் இரண்டு வரி எழுதலாம் என்றுதான் நினைத்தேன். தாள் நிறைந்துவிட்டது. தள்ளுவண்டி கவிழ்ந்தது, விளக்குப் பெட்டிக்குப் போகாதது, அவள் சீலை எடுத்தது, தரையைப் பார்த்தது எல்லாம். தவறு முழுவதும் என்னுடையது, அவர் அன்று மேசையிலேயே இல்லை என்று முடித்தேன். இரண்டரை மாதத்தில் முதல் தடவையாக மூச்சு அடிவயிறு வரை போய் வந்தது. மடித்துப் பெட்டியில் போட்டேன்.

மறுநாள் மதியம் ஹெச்.ஆர். மேனேஜர் கூப்பிட்டார். அவர் மேசையில் என் தாள் பிரித்தபடி கிடந்தது.

"இன்னாம்மா இது?"

தாள் அங்கே எப்படி வந்தது என்று அப்புறம்தான் தெரிந்தது. பெட்டியைப் பார்த்துவிட்டு, பொங்கல் லீவு கேட்டு நிறையப் பேர் லீவ் லெட்டரை அதில் போட்டிருக்கிறார்கள். லீவ் லெட்டரைக் காணோம் என்று ஒவ்வொருத்தியும் வந்து நிற்க, ஆபீஸில் பெட்டியைப் பிரித்துத் தேடியிருக்கிறார்கள். இதில் என் தாள் தனியாகத் தெரிந்திருக்கிறது. காரணம், நான் எழுதிய லட்சணம். கம்பெனியில் நாங்கள் எந்தத் தாளில் எழுதினாலும் முதலில் மேல் மூலையில் டோக்கன் நம்பர், லைன் நம்பர், பிரிவு. கீழே கையெழுத்து. கை அதுவாகவே எழுதிவிடும். யாரும் படிக்காமல் கொளுத்தப் போகிற தாளிலும் நான் அப்படியே எழுதியிருக்கிறேன்.

"டீச்சரம்மா எரிக்கறதுக்குத்தான எழுதச் சொன்னாங்க? நீங்க விளக்கக் கடிதம் மாதிரி டோக்கன் நம்பரெல்லாம் போட்டு வெச்சிருக்கீங்க."

"தெரியாம போட்டுட்டேன் சார்" என்றேன். அப்புறம் இதுதான் சமயம் என்று தோன்றியது. இங்கே வாயைத் திறக்காவிட்டால் இனி எங்கே திறப்பது? "ஆனா எழுதினதெல்லாம் நெஜம் சார். அக்கா மேல ஒரு தப்பும் இல்ல. என்னை என்னா வேணா பண்ணுங்க சார். அவங்கள மட்டும் திரும்ப கூப்புடுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனிதரில்லை. அவரும் இதே கம்பெனியில் இருபது வருடமாகத் தலையாட்டுகிறவர்.

"எங்க கூப்புடறது? அந்த எடமே இப்ப இல்லம்மா. ஒண்ணாந்தேதியிலருந்து ரெண்டு லைன் ஒண்ணாயிடுச்சு. ஒரு டேபிளுக்கு ஒரு செக்கர்தான். ரெண்டு பேர்ல ஒருத்தர் எப்படியும் போயிருக்கணும். அவங்க போய்ட்டதால உங்கள நான் அனுப்ப வேண்டி வரல."

"அப்ப இப்ப என்னை அனுப்பிட்டு அவங்கள கூப்புடுங்க சார்."

"ஃபைல தொறந்தா மேல பதில் சொல்லணும். பையர் வரைக்கும் போவும். பேஜார். அவங்களும் வர மாட்டாங்க, நீங்களும் இருக்க மாட்டீங்க. ரெண்டு வீடும் போவும். தேவையா?" தாளை மடித்து என்னிடம் நீட்டினார். "எடுத்துட்டுப் போங்க. நாளைக்கு போகிதான? வீட்டுலயே கொளுத்திடுங்க. மனசுல வெச்சிக்காதீங்கம்மா. அந்த மூச்சுப் பயிற்சிய வுடாம பண்ணுங்க."

வெளியே வந்தேன். இதை எழுதத்தான் எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். எனக்கு முதலில் வந்தது நிம்மதி. வேலை போகவில்லை. சொல்லவும் சொல்லியாகிவிட்டது, வேலையும் போகவில்லை. படிக்கட்டில் நாலு படி இறங்குகிற வரை அந்த நிம்மதி இருந்தது. ஐந்தாவது படியில் என்மேல் எனக்கு வந்த அருவருப்பு இன்றைக்கும் போகவில்லை.

போகியன்று தாளைக் கொளுத்தவில்லை. தைரியம் என்று சொல்ல மாட்டேன். கொளுத்தினால் கருணை, கொளுத்தாவிட்டால் குற்றம் என்று என்னவெல்லாமோ யோசித்துக்கொண்டே இருந்ததில் வாசலில் எரிந்த நெருப்பு அணைந்துபோய்விட்டது. மாட்டுப் பொங்கலன்று மதியம் ஒரு டப்பாவில் பொங்கலை எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்கு நடந்தேன். வேலை போய் இத்தனை நாளில் நான் அவள் வீட்டுப் பக்கம் போனதில்லை. மடியில் கனமிருந்தால் வழியில் பயம். அந்த இரண்டு கிலோமீட்டரும் எதிரில் வருகிற ஒவ்வொருத்தரும் என்னை எங்கே போகிறாய் என்று கேட்டுவிடுவார்களோ என்று குனிந்தபடியே நடந்தேன்.

அவள் வாசற்படியில் வெளிச்சத்துக்காக உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். ஏஜெண்ட் கொண்டுவந்து போடும் அப்பரைக் கையால் தைக்கிற வேலை. ஒரு நூலில் இரண்டு ஊசி, ஒரே ஓட்டையில் எதிரெதிராக நுழைத்து இரண்டு கையாலும் இழுக்க வேண்டும். நூல் அறுத்துவிடாமல் இருக்க விரல்களில் சைக்கிள் ட்யூபை வெட்டி மாட்டியிருந்தாள். ஊரே மாட்டுக்குக் கொம்பில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தது. அவளுக்குப் பண்டிகை இல்லை. உள்ளே அவள் வீட்டுக்காரர் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்.

"வா. உக்காரு" என்றாள். டப்பாவை வாங்கிப் பக்கத்தில் வைத்தாள். இளைத்திருந்தாள். என் பெண்ணைப் பற்றிக் கேட்டாள். கம்பெனியில் தியானமெல்லாம் சொல்லிக்கொடுக்கிறார்களாமே என்று கேட்டாள். ஆமாம் என்றேன். நல்லதுதான் என்றாள். அதில் கேலி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

சுற்றி வளைக்கத் தெரியாமல் சொல்லிவிட்டேன்.

"அக்கா, அன்னிக்கி உன் சீல எடுத்து குத்துனது நான்தான்."

அவள் நூலை இழுத்து முடித்தாள். அடுத்த ஓட்டையில் ஊசியை நுழைத்தாள்.

"தெரியும்."

"எப்பிடி?"

"அந்த ஷூவ கையில குடுத்தாரே, அப்பவே தெரியும். நீ எப்பவும் கோணலா குத்துவ. நான் நேரா குத்துவேன். பதினோரு வருஷமா பாக்கறேன், தெரியாதா?"

"அப்ப ஏன்க்கா அவர்கிட்ட சொல்லல? சொல்லியிருந்தா உனக்கு வேல போயிருக்காதே."

அவள் முதல் தடவையாகத் தையலை நிறுத்தி என்னைப் பார்த்தாள். கோபமில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"நீதான் பக்கத்துல நின்னுட்டிருந்தியே. நீ சொல்லுவேன்னு பாத்தேன்."

நான் அழுதேன். மேனேஜரிடம் சொன்னதையும், அந்த இடமே இப்போது இல்லை என்று அவர் சொன்னதையும் அழுதுகொண்டே சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆறுதல் சொல்லவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை. டி.வி.யில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"மன்னிச்சிடுக்கா" என்றேன்.

"சரி. மன்னிச்சிட்டேன்." மறுபடியும் தைக்க ஆரம்பித்தாள். இரண்டு மூன்று தையல் போட்டதும் நான் இன்னும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். "இன்னும் எதுனா சொல்லணுமா? வெளிச்சம் போவுது. நாளைக்கி ஏஜெண்ட் வந்துடுவான், இத முடிச்சாவணும்."

இல்லை என்றேன். நான் எதற்கு வந்தேனோ அது எனக்குக் கிடைத்துவிட்டது. அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவள் கை வேலையாக இருந்ததால் போய் வருகிறேன் என்பதைச் சத்தமாகச் சொல்லாமல் எழுந்து வந்தேன்.